ஈஎல்84 சாக்கெட்டில் 3 வோல்ட் கசிவு: போர்டைக் காப்பாற்ற வழி உண்டா?

வணக்கம். 15 வாட் வால்வு காம்போ ஆம்ப் (ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்); பவர் வால்வு இரண்டு ஈஎல்84, ப்ரீஆம்ப் வால்வு மூன்று 12ஏஎக்ஸ்7. ஆன் செய்து பத்து நிமிடத்தில் ஒரு ஈஎல்84-இன் பிளேட் (உள்ளே இருக்கும் உலோகத் தகடு) சூடேறிச் சிவந்துவிடுகிறது. இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போட்டாலும் சிவப்பது அதே சாக்கெட்டில்தான், எனவே வால்வில் கோளாறில்லை.

வால்வைக் கழற்றிவிட்டு 2-ஆம் பின்னில் (கிரிட், அதாவது வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) பார்த்தால் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பிளஸ் 3 வோல்ட் டிசி. வழக்கமாக இது முந்தைய வால்விலிருந்து சிக்னலை மட்டும் விட்டு டிசியைத் தடுக்கும் 0.022 மைக்ரோஃபாரட் கப்ளிங் கப்பாசிட்டர் கசிவதால் வருவது. அதன் ஒரு காலைத் தூக்கிவிட்டுப் பார்த்தும் 3 வோல்ட் அப்படியே நிற்கிறது. கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் 220 கிலோஓம். அப்படியானால் பக்கத்தில் ஓடும் 320 வோல்ட் ட்ரேஸிலிருந்து (போர்டின் செம்புக் கோடு) சுமார் 23 மெகாஓம் வழியாக போர்டே கசிகிறது. சாக்கெட்டைச் சுற்றி போர்டு பழுப்பேறியிருக்கிறது.

கம்பெனி சப்போர்ட்டில் சர்க்யூட் படம் தர மறுக்கிறார்கள். முழு போர்டாக மாற்றுங்கள் என்பதே பதில். ஒரு சாக்கெட்டுக்காக நல்ல போர்டைக் குப்பையில் போடுவது நியாயமே இல்லை.

கேட்க விரும்புவது: ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் கழுவினால் இது நிற்குமா, அல்லது கருகிய பகுதியைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டுமா? சேஸியில் செராமிக் சாக்கெட் பொருத்தி வயர் இழுத்தவர்கள், கிரிட் ஸ்டாப்பரை (கிரிட்டுக்குத் தொடராக வரும் ரெசிஸ்டர்) நேராக 2-ஆம் பின்னிலேயே சால்டர் செய்தீர்களா? சீரியல் நம்பரோடு போர்டு ரிவிஷன் எண்ணையும் அனுப்பி யாராவது படம் வாங்கியிருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

(கைவைக்கும் முன் ஃபில்டர் கப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் உறுதி செய்துகொண்டுதான் வேலை நடக்கிறது.)