காரணம் தெரியாத தசைத் தளர்ச்சி: உங்கள் குழந்தைக்கு எப்படி இருந்தது?

என் மகனுக்குச் சட்டை மாட்டுவது மிகச் சுலபமாக இருந்தது. மற்றக் குழந்தைகள் கையை இழுத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். இவன் கை எந்தப் பக்கம் மடக்கினாலும் துணிபோல வந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்கள் மேலேறி, உடம்பு நழுவும். “சமத்துப் பிள்ளை” என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். நானும் பூரித்துப்போனேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான்காம் மாதம் மருத்துவர் அவனுடைய இரு கைகளையும் பிடித்து மெல்ல எழுப்பினார். உடம்பு எழுந்தது, தலை பின்னாலேயே தொங்கியது. வயிற்றில் கைகொடுத்துக் குப்புறத் தூக்கியபோது, கவிழ்த்துப் போட்ட ‘ப’ மாதிரி துவண்டான். முழங்காலில் சுத்தியலால் தட்டியதும் கால் துள்ளியது. எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவடத் தசைச் சிதைவில் அந்தத் துள்ளல் பெரும்பாலும் இருக்காதாம். ஆனாலும் அதற்கான மரபணுப் பரிசோதனையை உடனே எழுதிக் கொடுத்தார். அதற்கு இப்போது மருந்து இருக்கிறது, நாள் கடத்தினால் இழந்த நரம்பணுக்கள் திரும்பாது என்றார்.

அந்த மரபணுப் பரிசோதனை, தைராய்டு, சி.கே. (தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் நொதி), குரோமோசோம், மூளை எம்.ஆர்.ஐ. எல்லாமே இயல்பு. ஒவ்வொரு தாளையும் வாங்கும்போது நிம்மதி வரும். வீடு வந்து சேர்வதற்குள், ‘அப்படியானால் என்னதான்?’ என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும்.

தசை ஓய்வில் இருக்கும்போதும் அதிலிருக்கிற விறைப்பு வேறு, பலம் வேறு என்பதை இயன்முறை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். விறைப்பை அவ்வளவாக மாற்ற முடியாது, பலத்தை வளர்க்கலாம் என்றார். தினமும் குப்புறப் போட்டோம். தலையைத் தூக்க மாட்டாமல், பாயில் எச்சில் வட்டத்துக்குள் கன்னத்தை வைத்துக்கொண்டு கத்துவான். கடைசிவரை தவழவில்லை, உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்ந்தான். 23ஆம் மாதம் நடந்தான்.

பதில்:

சட்டை மாட்டிய வரியிலேயே நின்றுவிட்டேன். என் மகளும் அப்படித்தான். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இயல்பு என்று வந்த அறிக்கைகளைப் பரணில் போட்டுவிடாதீர்கள். இரண்டு வயதில் எதுவும் சொல்லாத அதே மரபணுத் தரவை ஐந்து வயதில் மறுபடி ஆராய்ந்தபோதுதான் எங்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பயிற்சிகள் ஒன்றும் மாறவில்லை. ஆனால் அடுத்த குழந்தையைப் பற்றி மருத்துவரிடம் கேட்க ஒரு கேள்வி கையில் இருந்தது.

பால் குடிக்கும்போது புரையேறுவது, மூச்சுத் திணறுவது, கற்றுக்கொண்டதை மறப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் மகன் இப்போது படி ஏறுகிறானா?