புதுப்பிப்பு: பீட்டா-கேட்டனின் இப்போது உள்செல்களிலும் தெரிகிறது

4 மணி நேர வயதுடைய ஜீப்ரா மீன் கருக்களில் பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தைக் காண, அதனோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்பொருளைக் கொண்டு ஒளிரும் சாயமேற்றியபோது வெளியடுக்குச் செல்கள் மட்டுமே ஒளிர்ந்தன என்றும், மஞ்சள் கரு கண்ணைக் கூசச் செய்தது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இவை தனித்தனிச் சிக்கல்கள் என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

எந்த எதிர்பொருளும் சேர்க்காத கருக்களிலும் மஞ்சள் கரு அதே அளவில் மின்னியது. ஆகவே அது அதன் இயல்பான தன்னொளிர்வுதான். பச்சை நிறமியை விட்டுத் தொலைசிவப்பு நிறமிக்கு மாறியதும் அது பெரிதும் அடங்கியது. இந்த ஒப்பீட்டுக் கருக்களை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

உள்செல்கள் தெரியாததற்குக் காரணம் ஊடுருவல் குறைவு. கருக்களைப் பதப்படுத்தப் பயன்படும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு புரதங்களைக் குறுக்காகப் பிணைத்துவிடுவதால், ஏறத்தாழ 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறான எதிர்பொருள் பல அடுக்குச் செல்களைக் கடந்து செல்ல நேரம் பிடிக்கிறது. எனவே செல் சவ்வுகளில் வழி திறக்கும் சோப்பு போன்ற பொருளான டிரைட்டானை 1 சதவீதமாக உயர்த்தி, முதல்நிலை எதிர்பொருளில் (புரதத்தோடு நேரடியாக ஒட்டுவது) 4 டிகிரி செல்சியஸில் இரண்டு இரவுகள் வைத்து, மறுநாள் முழுவதும் கரைசலை மாற்றி மாற்றிக் கழுவினேன். கழுவுதலில் அவசரப்பட்ட ஒரு தொகுதி முழுவதும் மங்கலான பின்னணியோடு வீணானது.

இப்போது செல் எல்லைகள் தேன்கூட்டின் கண்ணறைகள்போல் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன. கருவின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் சில உட்கருக்கள் நிறைந்து ஒளிர்கின்றன. முதுகுப்புறம் உருவாகப்போவது அந்தப் பக்கத்தில்தான். அதைப் பார்த்தபோது நெடுநேரம் நுண்ணோக்கியை விட்டு எழ மனம் வரவில்லை.