லேத்தில் கடைந்த மைக்ரோடிப் பென்சில்: நீங்களும் செய்ததுண்டா?

கடையில் கிடைக்கும் மைக்ரோடிப் பென்சில்கள் எனக்கு ரொம்ப ஒல்லி. தடியாக, கனமாக ஒன்று வேண்டுமென்று பித்தளைக் கம்பியோடு கோவை கணபதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். நாள் முழுக்க பம்பு ஷாஃப்ட் ஓடும் இடம். பென்சில் என்றதும் டர்னர் அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். வரைந்து வைத்திருந்ததைக் காட்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மேல என்ன வேணாப் பண்ணிக்கலாமுங்க தம்பி. மொதல்ல ஓட்டை நேராப் போகோணும்."

6 மி.மீ. துளை 110 மி.மீ. நீளத்துக்கு ஓட வேண்டும். சாதாரண 6 மி.மீ. டிரில்லின் மொத்த நீளமே 93 மி.மீ.தான். நீள டிரில் போட்டாலும் உள்ளே போகப் போக ஒரு பக்கமாக இழுக்கும். மேற்புறத்தைக் கடைந்து முடித்த பிறகு அப்படி இழுத்தால், ஒரு பக்கம் சுவரே இருக்காது. அதனால் துளையை முடித்துவிட்டு, அதன் இரண்டு வாயையும் சென்டரில் (லேத்தின் கூர்முனைத் தாங்கியில்) தாங்கி, அதை வைத்து மேற்புறத்தைக் கடைந்தார்.

துளை போடுமுன் அவர் செய்த ஒரு காரியம் எனக்குப் புதிது. டிரில்லின் வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, வேண்டுமென்றே கூர்மையைக் குறைத்தார். பித்தளையில் கூரான டிரில் வெட்டாதாம். திருகாணி மாதிரி கவ்விக்கொண்டு உள்ளே பாயுமாம். மழுக்கிய பிறகு தூள் பொலபொலவென்று கொட்டியது.

உள்ளே இருக்கும் பொறியை நாங்கள் செய்யவில்லை. பழைய 0.5 மி.மீ. பென்சிலிலிருந்து அப்படியே எடுத்தோம். அழுத்தினால் மூன்று தாடை கொண்ட பித்தளைக் கவ்வி லெட்டைப் பிடித்தபடி முன்னே வரும். அதைச் சுற்றியுள்ள வளையம், நாங்கள் கடைந்த பென்சில் மூக்கின் உள்ளே இருக்கும் படியில் (உட்படியில்) முட்டி நின்றதும் தாடை விரிந்து லெட்டை விடும். விரலை எடுத்ததும் கவ்வி வெறுங்கையோடு திரும்பும். நுனியிலுள்ள ரப்பர் லெட்டைத் திரும்ப விடாது. ஆக, ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு லெட் வரும் என்பதை முடிவு செய்வது அந்த உட்படியின் ஆழம். நர்லிங் (மேற்புறத்தில் போடும் சொரசொரப்பு வரி), பாலிஷ் எல்லாம் கண்ணுக்கு. உயிர் அந்தப் படியில். அண்ணன் மிக அதிக நேரம் செலவிட்டதும் அங்கேதான்.

உடல் மட்டும் 33 கிராம் வந்தது. அதே அளவு அலுமினியத்தில் பத்து கிராம் சொச்சம்தான் இருந்திருக்கும். எனக்குக் கனம் பிடிக்கும், சரி. நாளெல்லாம் எழுதுபவருக்கு அலுமினியம்தான் நல்லது.

* * *

நான் போனது மரக் கடைசலுக்கு. அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் (குழந்தைகள் விளையாடும் மரச் சாமான்) கடையும் அண்ணாச்சி ஒருவரிடம் 2 மி.மீ. கிளட்ச் பென்சிலுக்கு (தடித்த லெட் போடும் பென்சில்) மேலுறை கேட்டேன். மஞ்சள் கடம்பில் செய்தார். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும் என்பதால் உள்ளே பித்தளைக் குழாய் ஒன்றை எபாக்ஸியில் ஒட்டிவிட்டுத்தான் கடையச் சொன்னேன். "பென்சிலுக்கு இவ்வளவு பாடா?" என்று சிரித்தார். அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தியதும் உராய்ந்த சூட்டில் இளகி, சிவப்பு வழுவழுவென்று படிந்ததைப் பார்க்கவே போகலாம்.

பித்தளை அன்பரிடம் ஒரு கேள்வி: லெட் வெளியே வரும் நுனிக் குழாய்க்கு என்ன செய்தீர்கள்? அவ்வளவு சன்னமாக லேத்தில் துளை போட முடியுமா?

* * *

அதற்கு நான் சொல்கிறேன், எனக்கும் அதே தலைவலி இருந்தது. 0.5 என்று விற்கும் லெட் உண்மையில் 0.56 மி.மீ. இருக்கும். அதற்கான துளை போடும் வேகம் நம்மூர் பட்டறை லேத்துக்குக் கிடையாது; டிரில் முறிந்துதான் போகும். மருந்துக்கடையில் 20 கேஜ் ஊசி கேளுங்கள், சிரிஞ்சில் மாட்டும் பக்கம் மஞ்சளாக இருக்கும். உள்விட்டம் சுமார் 0.6. கட்டரால் வெட்டினால் நசுங்கும். சாணைக் கல்லில் தேய்த்து அறுத்து, வாயிலுள்ள பிசிறைச் சன்னக் கம்பியால் எடுங்கள். லெட் உள்ளேயே ஒடிவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பிசிறுதான். குழாயை வெளியே 4 மி.மீ. நீட்டிவிட்டால் ஸ்கேல் ஓரத்தில் கோடு போடும்போது பென்சில் மூக்கு இடிக்காது. சட்டைப் பையில் செருகுபவர் என்றால் மூடியும் ஒன்று கடைந்துகொள்ளுங்கள். கீழே விழுந்தால் முதலில் வளைவது அந்தக் குழாய்தான்.