அக்காவின் பறவைக் குரல்களும் பழுதான ஹார்ட் டிஸ்க்கும்

"டேய், எல்லாம் போச்சாடா?" அக்கா போனில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். ஆறு வருடமாக விடியலுக்கு முன்பே எழுந்து போய்ப் பதிவு செய்த பறவைக் குரல்கள் முழுவதும் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மட்டும் இருந்தன. வேறு நகல் கிடையாது. ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆகிறது என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேபிள் கோளாறாக இருக்கும் என்று நான்தான் அலட்சியமாக விட்டுவிட்டேன். அன்று சொருகியதும், ஃபார்மேட் செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. நல்லவேளை, எதையும் அழுத்தாமல் என்னைக் கூப்பிட்டாள்.

"கழற்றி வை. நான் வரும்வரை திரும்பச் சொருகாதே" என்றேன்.

முதலில் காதருகே வைத்துக் கேட்டேன். டக் டக் என்ற சத்தம் இல்லை, சீராகச் சுழன்றது. அதனால்தான் நானே கைவைக்கத் துணிந்தேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பி, டிஸ்க்கை மவுன்ட் செய்யாமல், அதாவது கோப்புகளைத் திறக்காமல், டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் 197ஆம் எண் வரிசைதான் முக்கியம். டிஸ்க்கில் தரவு பதியும் சின்னக் கட்டங்கள்தான் செக்டர்கள்; படிக்க முடியாமல் தத்தளிக்கும் செக்டர்களின் கணக்கு அது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 1,384 இருந்தது.

இந்த நிலையில் எல்லாரும் செய்வது, வேண்டிய ஃபோல்டரை இழுத்து வேறு இடத்தில் போடுவது. நான் அதைச் செய்யவில்லை. சாதாரண காப்பி ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் அங்கேயே முட்டி மோதிக்கொண்டு நிற்கும். டிஸ்க்கின் மிச்ச உயிரும் அதில் போய்விடும். நான் எடுத்தது டிடிரெஸ்க்யூ, முழு டிஸ்க்கையும் வேறொரு இடத்துக்கு நகலெடுக்கும் மென்பொருள். அது வேறு மாதிரி வேலை செய்யும். சுலபமாகப் படிக்க வருவதை முதலில் அள்ளிக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், அப்புறம் திரும்பி வந்து அந்த இடங்களைச் சுரண்டிப் பார்க்கும். எது வந்தது, எது வரவில்லை என்பதையெல்லாம் ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்த மேப் கோப்பை மட்டும் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் மறுமுறை முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிடும்.

முதல் சுற்று ஒன்பது மணி நேரம் ஓடியது. டிஸ்க் சூடாகாமல் இருக்கப் பக்கத்தில் சின்ன விசிறி வைத்திருந்தேன். பெரும்பகுதி வந்துவிட்டது. மீதியைச் சுரண்ட இரண்டு இரவு ஆனது. சில மெகாபைட் கடைசிவரை வரவே இல்லை.

அதன் பிறகு பழைய டிஸ்க்கைத் தொடவில்லை, எல்லா வேலையும் நகலில்தான். டிஸ்க்கின் அமைப்பைச் சொல்லும் தொடக்கப் பகுதியான பூட் செக்டர் சிதைந்திருந்தது. விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் அதற்கொரு மாற்றுப் பிரதியை டிஸ்க் பகுதியின் (பார்ட்டிஷன்) கடைசியில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் அதை எடுத்துப் போட்டதும் ஃபோல்டர்கள் பழைய பெயர்களோடு வந்து நின்றன. இது பலிக்காமல் போயிருந்தால் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மென்பொருள்தான் கதி. அது கோப்புகளை மீட்டுவிடும், ஆனால் பெயர்கள் போய்விடும். அக்காவோ தேதியையும் இடத்தையும் கோப்பின் பெயரில்தான் எழுதி வைத்திருந்தாள். பெயர் போனால் அவளுக்குப் பாதி உழைப்பு போன மாதிரி.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் முதலில் கேட்டது ஒரு மாங்குயிலின் குரல். நடுவில் சட்டென்று கையைத் தூக்கி, "இங்கே ஒரு டிக் கேட்குது" என்றாள். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலை ஓடிக்கொண்டே வந்து, ஒரு துளி இடத்தில் தட்டையாகி, மறுபடி எழுந்தது. 4,096 பைட் கொண்ட ஒரே ஒரு செக்டர் வரவில்லை. சிடி தரப் பதிவில் அது சுமார் 23 மில்லிநொடி. அதையும் அவள் காது பிடித்துவிட்டது.

*

(ஒரு வாசகரின் பதில்) இந்தப் பதிவைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. எனக்கும் இதே ஃபார்மேட் கேள்விதான் வந்தது. யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினேன். அது ஃபைல் சிஸ்டத்தைச் சீராக்கத்தான் பார்க்கும், நம் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கிலேயே எழுதவும் செய்யும். இரவு முழுக்க ஓடி முடித்தபோது நான்கு வருடப் படங்கள் பெயரில்லாத துண்டுகளாக ஒரே ஃபோல்டரில் கிடந்தன. பாதி திறக்கவே இல்லை. முதலில் நகல் எடுத்துவிட்டு அதன் மேல் ஓட்டியிருந்தால் இன்னொரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

*

(இன்னொரு வாசகரின் பதில்) என்னுடையது டக் டக் கேஸ். லேப்டாப் மேசையிலிருந்து விழுந்தது. இந்தச் சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் வேண்டாம், தயவுசெய்து மின்சாரத்தை நிறுத்துங்கள். படிக்கும் ஹெட், தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலேதான் மிதக்கிறது. அது அடிபட்டிருந்தால், ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தட்டைக் கீறலாம்.

ஃப்ரீசரில் வைக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அதே மாடலின் சர்க்யூட் போர்டை மாற்றினால் போதும் என்பதும் இன்றைய டிஸ்க்குகளில் பெரும்பாலும் எடுபடாது. அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்தங்கள் போர்டில் உள்ள சின்ன சிப்பில் இருக்கும், அதையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மீட்பு ஆய்வகத்தில் என்னிடம் முதலில் கேட்டது, "விழுந்த பிறகு எத்தனை தடவை ஆன் செய்தீர்கள்?" என்றுதான். ஒரே தடவை என்றேன். தூசியில்லாத அறையில் வேறொரு டிஸ்க்கின் ஹெட்டைப் பொருத்தி எடுத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே கிடைத்தது.

*

மறுபடியும் நான்தான், அக்காவின் தம்பி. பதிவுகள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன, அதில் ஒன்று என் வீட்டில். நேற்று அந்தப் பழைய டிஸ்க்கை ஒருமுறை சொருகிப் பார்த்தேன். சுழலவே இல்லை.