மழைக்காட்டில் குரல் கேட்கிறது, பறவை தெரிவதில்லை

நனைந்தசிறகு:
மூன்று நாள் மழைக்காட்டில் சுற்றிவிட்டு வந்தேன். தினமும் காலை 6 மணியிலிருந்து 11 வரை நிற்காமல் நடை. காதில் விழுந்த குரல்கள் 40 இருக்கும். கண்ணில் பட்டவை 9 இனங்கள்தான். ஏரிக்கரையில் ஒரே மணி நேரத்தில் இதைப்போல இரண்டு மடங்கு பார்த்துவிடுவேன். கையில் இருப்பது 10×42 பைனாகுலர் (10 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ.). அதை மாற்ற வேண்டுமா, இல்லை பார்க்கும் முறையே தவறா?

அத்திமரத்தடி:
முறைதான். முதலில் நடையை நிறுத்துங்கள்.

ஏரியில் பறவை பரவிக் கிடக்கும். இங்கே பூச்சி தின்னும் பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து நகரும். அரை மணி நேரம் ஓர் இலைகூட அசையாது. அப்புறம் பத்தே நிமிடத்தில் தலைக்கு மேல் பத்துப் பன்னிரண்டு இனம் கடந்து போய்விடும். ஆசியக் காடு என்றால் துடுப்புவால் கரிச்சானின் குரலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற பறவைகள் கிளப்பிவிடும் பூச்சிக்காக அது கூட்டத்தோடு வரும். பிற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துப் பாடவும் செய்யும். நீங்கள் கேட்ட 40 குரலில் சில, அந்த ஒரே பறவையுடையதாகக்கூட இருக்கலாம்!

கூட்டம் வந்ததும் ஒன்றையே துரத்தாதீர்கள். அடிமரத்தில் பசைஎறி என்ற சிறு பறவையும் மரங்கொத்தியும், உச்சியில் மின்சிட்டு, கீழ்ப்புதரில் சிலம்பன் என்று தட்டுத் தட்டாகக் கண்ணை ஓட்டுங்கள். தீக்காக்கைக்கு மட்டும் பொறுமை வேண்டும். சிவந்த மார்பை மறைத்து, நமக்கு முதுகைக் காட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை 20 நிமிடம் அதன் நேர் கீழே நின்றிருக்கிறேன். அது தலையைத் திருப்பிய பிறகுதான் தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பழுத்த அத்தி. காட்டு அத்திகள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை, அதனால் எந்த மாதத்திலும் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும். தரையில் பழம் சிதறிக் கிடந்தால் அங்கேயே உட்காருங்கள். குக்குறுவான், பச்சைப்புறா, மலை அணில் எல்லாம் வரும். இருவாச்சி வருவதை அதன் இறக்கைச் சத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

ஈரஇலை:
பைனாகுலரிலும் விஷயம் இருக்கிறது. அடர்ந்த காட்டில் தரைக்கு வந்து சேரும் வெயில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். 10×42-இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 4.2 மி.மீ., 8×42-இல் 5.25 மி.மீ. விடியற்காலையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 8×42-இல் பார்வைப் பரப்பும் பொதுவாக அகலம்.

இன்னொன்று, பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று கூட்டை விட்டுவிட்டு ஓடி வரும். இருவாச்சிப் பொந்தின் அடியிலும் நிற்க வேண்டாம். உள்ளே அடைபட்டிருக்கும் பெட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். ஆளைக் கண்டால் அது கிட்டே வராது.

நனைந்தசிறகு:
இந்த வாரம் மறுபடி போனேன், அதே பைனாகுலரோடு. ஓர் அத்தி மரத்தடியில் இரண்டு மணி நேரம், எழுந்திருக்கவே இல்லை. 14 இனம். அட்டைக்கடி ஏழு. தீக்காக்கை இன்னும் கிடைக்கவில்லை. வரும் ஞாயிறு அதற்குத்தான்.