ஓநாய் வந்துதான் எல்க் மான் கொறஞ்சுபோச்சா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னார்குடி மைனர்:
எங்க அக்கா வீட்டுக்காரர் அமெரிக்காவுல மொண்டானா மாநிலத்துல இருக்காரு. அவர் ஆபீஸ்ல சீசன் வந்தா பாதிப்பேரு லைசென்ஸ் எடுத்துட்டு எல்க் வேட்டைக்கு கெளம்பிடுவாங்களாம், பொட்டை மானே 200 கிலோவுக்கு மேல இருக்குமாம், ஒண்ணு சுட்டா ஃப்ரீசர் ரொம்பிடும். இப்ப ஓநாய் எல்லாத்தையும் தின்னு தீத்துடுச்சுன்னு ஒரே பொலம்பல். யூடியூப்ல பாத்தா ஓநாயாலதான் காடே பொழச்சுதுங்குறான். எதுங்க நெசம்?

கொள்ளிடக்கரை:
தம்பி, ரெண்டு பேரும் பாதிய முழுங்கிட்டு பேசுறாங்க. மொண்டானாவ ஒட்டி இருக்குற யெல்லோஸ்டோன் தேசியப் பார்க்ல 1926லயே ஓநாய சுட்டு ஒழிச்சாச்சு, அப்புறம் 1995, 96ல கனடாலேர்ந்து 31 ஓநாய கொண்டாந்து விட்டாங்க. பார்க்கோட வடக்குப்பக்க எல்க் மந்தை 1994ல 19,000 கிட்ட இருந்தது, 2013ல 4,000க்கும் கீழ வந்துடுச்சு, இத மட்டும் பாத்தா ஓநாய்தான்னு தோணும். ஆனா அதே காலத்துல கரடியும் பூமாங்குற பெரிய காட்டுப்பூனையும் பெருகிச்சு, பொறந்த குட்டிய ஓநாய விட கரடிதான் அதிகமா அடிக்குது, நடுவுல வறட்சி வேற. அதோட பனிக்காலத்துல பார்க்க விட்டு வெளிய எறங்குற பொட்டை மான சுட அரசாங்கமே வருஷா வருஷம் பர்மிட் குடுத்துச்சு. ஓநாய் அடிச்ச பொட்டைங்க சராசரி வயசு 14 கிட்ட, வேட்டைக்காரன் சுட்டது ஆறு ஏழு. கெழட்டு மாடு போனா பட்டிக்கு ஒண்ணுமில்ல, ஈத்துமாடு போனா?

வேதாரண்யம் வாத்தி:
கொள்ளிடம் அண்ணே சொல்றது சரி, ஆனா வேட்டைக்காரன் சும்மா பொலம்பல. மொண்டானா முழுசா எண்ணிப் பாத்தா 1995ல இருந்தத விட இப்ப எல்க் ஜாஸ்தி, ஆனா நெறைய தனியார் பண்ணைக்குள்ள போய் நிக்குது, கேட்டு பூட்டிருக்கும், உள்ள விடமாட்டான், அப்ப பொதுக்காட்டுல நடையா நடக்குறவனுக்கு மானே இல்லாதமாரிதான தெரியும். 2011லேர்ந்து அங்க ஓநாயவே லைசென்ஸ் போட்டு சுடுறாங்க, அப்பவும் இந்த பேச்சு ஓயல.

மன்னார்குடி மைனர்:
அப்ப நம்ம கோடியக்கரைல நரி வெளிமான் குட்டிய தூக்குதே, அது?

வேதாரண்யம் வாத்தி:
தூக்கும்தான். தாய் குட்டிய புல்லுக்குள்ள படுக்கவச்சிட்டு தள்ளிப்போய் மேயும், நரி அந்தப் புல்ல மோந்து மோந்து வளைச்சு வரும், தாய் பாத்துட்டா தொரத்தும். ஆனா 1967ல சரணாலயம் ஆனதுலேர்ந்து நரி அங்கேயேதான் கெடக்கு. வெளிமானுக்கு கண்ணுக்கெட்டுற வெட்டவெளி வேணும், ஓடித் தப்பிக்கிற சாதி அது, அந்த வெளிய சீமக்கருவை அடைச்சிடுச்சு, மிச்சப் புல்ல காட்டுக்குதிரை மேயுது. நரிய கொன்னா புல்லு மொளைச்சிடுமா என்ன? கருவைய வேரோட புடுங்குங்கன்னு சொன்னா யாரும் காதுல வாங்குறதில்ல.

கொள்ளிடக்கரை:
மைனரு, அக்கா வீட்டுக்காரர ஊருக்கு வரப்ப எல்க் கறி கொண்டாரச் சொல்லிடாத, ஏர்போர்ட்ல உக்கார வச்சிடுவான் 😄