மொபைலில் நிற்கிற கட்டடமும் அந்த 5 மீட்டரும்

கோணமானி:
மேம்பாலம் பற்றிய இழையில் வருங்காலன் போகிற போக்கில் ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறார்: “இனி நகரத் திட்டமிடலுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டமே வேண்டாம். காலி மனைக்கு எதிரே நின்று மொபைலைத் தூக்கிப் பிடித்தால், வரப்போகிற கட்டடம் அச்சு அசலாக அங்கே நிற்கும். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. வேலை முடிந்தது.” அங்கேயே பதில் போட்டால் மேம்பாலக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் தனி இழை.

அச்சு அசலாகவாம்! மொபைல் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தவறும். அமெரிக்க அரசின் ஜிபிஎஸ் தளமே 4.9 மீட்டர் என்றுதான் போட்டிருக்கிறது. கட்டடமோ மரமோ பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசமாகும் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. கட்டடமும் மரமும் இல்லாத நகரம் எங்கே இருக்கிறது? 5 மீட்டர் என்றால் ஒரு நடைபாதையே காணாமல் போய்விடும்.

வருங்காலன்:
வந்துவிட்டார் அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு. ஐயா, ஏ.ஆர். (கேமரா காட்டும் நிஜக் காட்சியின் மேல் இல்லாததை வரைந்து காட்டும் நுட்பம்) ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி ஓடிய காலம் போய்விட்டது. கேமரா பார்ப்பதை, தெருத்தெருவாகக் கார் ஓட்டி எடுத்த ஸ்ட்ரீட் வியூ படங்களோடு ஒப்பிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கிற வசதியை 2022-லேயே கூகுள் எல்லா டெவலப்பர்களுக்கும் திறந்துவிட்டது. என் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. கொஞ்சம் அப்டேட் ஆகிவிட்டு வாருங்கள்.

கோணமானி:
ஸ்ட்ரீட் வியூ கார் நுழையாத சந்தில் என்ன செய்வீர்கள்? படம் எடுத்த பிறகு எதிர்க் கட்டடத்தை இடித்திருந்தால் எதோடு ஒப்பிடுவீர்கள்? மறுபடி ஜிபிஎஸ்தான், மறுபடி 5 மீட்டர்தான். புதிதாகக் கட்டப்போகிற பகுதியில்தான் இடிப்பு வேலையும் நடக்கும் என்பதாவது தெரியுமா தம்பி?

படிக்கட்டு:
ஒரு நிமிடம். “மக்கள் பங்கேற்பு” என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொள்ளலாமே. மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் இதை எட்டுப் படி ஏணியாகப் பிரித்தார். அடிப்படி மக்களை ஏமாற்றுவது, உச்சிப்படி முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கைக்கு வருவது. வெறுமனே கருத்துக் கேட்பது நான்காவது படி. வருங்காலனின் பச்சை, சிவப்பு பட்டன் அதற்கு மேலே ஒரு படி கூட ஏறவில்லை. அதிகாரம் கைமாறாத வரை தவறு 5 மீட்டரானால் என்ன, 5 சென்டிமீட்டரானால் என்ன?

கோணமானி:
5 சென்டிமீட்டரா? எந்த மொபைலில் வருகிறது? ஆர்.டி.கே. (தரையில் ஒரு நிலையத்தை வைத்து ஜிபிஎஸ் தவறைத் திருத்தும் முறை) வைத்த சர்வே கருவியில் வரும், மொபைலில் வராது. தெரியாத எண்ணையெல்லாம் வாய்க்கு வந்தபடி எடுத்துவிடாதீர்கள்.

படிக்கட்டு:
நான் சொன்னது எண்ணைப் பற்றியே இல்லை!

வருங்காலன்:
யார் யாருக்குத் தம்பி? அந்த உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

மரநிழல்:
நீங்கள் இருவரும் டேப்பைப் பிடித்துக்கொண்டிருங்கள். இந்தச் செயலிகளில் நான் பார்த்த பெரிய மோசடி வேறு. நிஜ மரம் முன்னால் நிற்கும், கட்டடம் அதற்குப் பின்னால் வரவேண்டும். செயலிக்கு ஆழம் சரியாகத் தெரியாததால் கட்டடத்தை மரத்தின் மேலேயே வரைந்துவிடுகிறது. திரையில் மரம் கிடையாது. வெட்டப்போகிறார்களா, விட்டுவைப்பார்களா என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? சில ஐபோன்களில் ஒளியை அனுப்பித் தூரம் அளக்கிற லைடார் இருக்கிறது என்பார்கள். அதன் எட்டம் சுமார் 5 மீட்டர். தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மரத்துக்கு அது எப்படிப் போதும்?

சும்மா_வந்தேன்:
இதிலும் 5 மீட்டரா! யாராவது வேறு எண் வைத்திருக்கிறீர்களா?

வருங்காலன்:
குறை சொல்வது சுலபம். ஐ.நா.வின் மனித வாழ்விட அமைப்பும், கட்டைகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டைச் செய்த மோஜாங் நிறுவனமும் 2012-ல் தொடங்கிய பிளாக் பை பிளாக் திட்டத்தைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நைரோபியின் கிபெரா குடிசைப்பகுதியில் விளையாட்டுத் திடல் எப்படி இருக்கவேண்டும் என்று அங்கே வாழ்கிறவர்களே மைன்கிராஃப்ட்டில் கட்டிக் காட்டினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு படி மேலே போய், கட்டிய வடிவத்தை அதே தெருவில் நின்றே ஏ.ஆரில் பார்த்தார்கள். கூட்டம் போட்டால் மைக்கைப் பிடித்த நாலு பேர்தான் பேசுவார்கள். இதில் வாயே திறக்காத பையன்களும் பெண்களும் திடலை வரைந்திருக்கிறார்கள். அதில் யாரும் உங்கள் 5 மீட்டரைக் கேட்கவில்லை.

கோணமானி:
மைன்கிராஃப்ட்டில் ஒரு கட்டை ஒரு மீட்டர். அதற்குக் குறைந்து எதையும் காட்ட முடியாது. சக்கர நாற்காலிக்கான சரிவை ஒரு மீட்டர் கட்டையில் எப்படிக் கட்டுவார்களாம்?

சும்மா_வந்தேன்:
அரைக் கட்டை இருக்கிறது சார். என் பையன் கட்டுவான்.

கோணமானி:
அரைக் கட்டையை வைத்தாலும் அது படிதான், சரிவு ஆகாது. விளையாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள்.

சரி, எண்ணைக் கேட்டீர்கள், சொல்கிறேன். 30 மீட்டர் உயரக் கட்டடம். அதை 20 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சி 56 டிகிரியில் தெரியும். செயலி 5 மீட்டர் முன்னால் நகர்த்திவிட்டால் அதுவே 63 டிகிரி. குறுகலான தெருவில் வானம் எவ்வளவு மிஞ்சும் என்பதுதானே எதிர்வீட்டுக்காரரின் கவலை? அந்தக் கவலைக்கே தவறான பதில் போகிறது. நூறு மீட்டர் தள்ளி நின்றால் வித்தியாசம் ஒரு டிகிரிக்கும் குறைவு, அது வேறு கதை. ஆனால் அங்கே மொபைலின் திசைகாட்டி காலை வாரிவிடும். பக்கத்தில் இரும்பு இருந்தாலே அது தடுமாறும். 5 டிகிரி திரும்பினால் நூறு மீட்டரில் கட்டடம் 8.7 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப்போய் நிற்கும்.

வருங்காலன்:
நூறு மீட்டரில் உங்கள் 5 மீட்டரால் ஒன்றும் ஆகாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோணமானி:
8.7 மீட்டர் என்று எழுதியிருக்கிறேன். வேண்டியதை மட்டும் படிக்கிற கண் எங்கே கிடைத்தது? இந்தச் செயலிகளின் நிழல் இன்னொரு கூத்து. சில செயலிகள் எடுத்ததும் சூரியனை நடுப்பகலில் நிறுத்திக் காட்டும். சூரியன் 60 டிகிரியில் இருந்தால் 30 மீட்டர் கட்டடத்தின் நிழல் 17 மீட்டர். மாலையில் 20 டிகிரிக்கு இறங்கினால் 82 மீட்டர். அந்த 82 மீட்டருக்குள் எத்தனை ஜன்னல் இருட்டாகும் என்பதை யாராவது ஸ்லைடரை நகர்த்திப் பார்ப்பார்களா?

மூன்றாம்கண்:
கோணமானி ஜிபிஎஸ்ஸை விட்டு வெளியே வந்ததில் சந்தோஷம். கேமரா பிடிப்பவனாக ஒன்று சொல்கிறேன். மொபைல் லென்ஸ் அகலக்கோணம். தூரத்துக் கட்டடத்தை அது சின்னதாகத்தான் காட்டும். கையளவு திரையில் அது இன்னும் பரிதாபமாக இருக்கும். பிரிட்டனின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் அமைப்பான லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட், திட்டங்களைப் படமாகக் காட்டுவதற்கு 2019-ல் போட்ட வழிகாட்டுதலில் இதற்காகத்தான் அகலக்கோணம் இல்லாத 50 மி.மீ. லென்ஸை அடிப்படையாக வைத்தார்கள். இடம் மில்லிமீட்டர் சுத்தமாக இருந்தாலும் இருபது மாடி ஏதோ குட்டி டப்பா மாதிரிதான் தெரியும். பில்டருக்குக் கொண்டாட்டம். இதைப் போன வருடமே எழுதினேன், அப்போது ஒருவர் கூடக் கண்டுகொள்ளவில்லை.

மரநிழல்:
நான் சொன்ன மரத்தையும்தான் இப்போது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

படிக்கட்டு:
டொரண்டோவின் கீசைட் திட்டத்தை மறந்துவிட்டீர்களா? 2017-ல் கூகுளின் உடன்பிறப்பு நிறுவனம் ஏரிக்கரையில் புதுப் பகுதியைக் கட்ட வந்து இறங்கியது. கண்ணைப் பறிக்கும் படங்களுக்குக் குறைவே இல்லை. தெருவில் சேகரிக்கிற தரவு யாருக்குச் சொந்தம் என்றுதான் மக்கள் கேட்டார்கள். 2020 மே மாதம் கடையைக் கட்டிவிட்டார்கள். காட்டுகிற கருவி எவ்வளவு துல்லியம் என்பது அங்கே பிரச்சினையே இல்லை. பார்சிலோனாவின் மக்கள் பங்கேற்பு இணையதளமான டெசிடிம் 2016-லிருந்து ஓடுகிறது. அதில் மக்களே முன்மொழிவு எழுதலாம், விவாதிக்கலாம். ஏ.ஆர். இல்லாமலேயே.

வருங்காலன்:
கீசைட்டைக் கைவிட்டதற்கு அந்த நிறுவனம் சொன்ன காரணம் பொருளாதார நிச்சயமின்மை. அது கோவிட் காலம். உங்கள் ஏணியில் வசதியாக ஏற்றிவைக்காதீர்கள்.

படிக்கட்டு:
அவர்கள் சொன்னதை அப்படியே நம்புகிற நீங்கள்தான் மக்கள் கூட்டம் வேண்டாம் என்கிறீர்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கோணமானி:
ஏணி, டொரண்டோ எல்லாம் இருக்கட்டும். நான் கேட்ட 5 மீட்டருக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. செங்குத்துத் தவறு, அதாவது உயரத்தில் வருவது, இதைவிட மோசம், அதை நான் இன்னும் தொடவே இல்லை.

மூன்றாம்கண்:
செங்குத்தைப் பற்றி நீங்களா பேசுவது? ட்ரோன் இழையில் கடல்மட்டத்தையும் தரைமட்டத்தையும் போட்டுக் குழப்பியவர் யார்?

கோணமானி:
அதை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் சொன்னது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமியை வழவழப்பான கணித வடிவமாக வைத்து ஜிபிஎஸ் அளக்கிற உயரம். உங்களுக்கு விளங்காததற்கு நான் பொறுப்பல்ல. வேண்டுமானால் அந்தப் பதிவை எடுத்து இங்கே ஒட்டுங்கள், பார்த்துவிடலாம்.

மூன்றாம்கண்:
ஒட்டுகிறேன். அதற்குள் உள்ளே போய்த் திருத்தாமல் இருந்தால் சரி.